வெண்மையும் நன்மையும்

கண்ணுக்கு இனியது உடலுக்கும் இனியது என்று கருதுதல் மக்கள் இயல்பு. பழத்தை நிறத்தால் தேர்கின்றனர். அரிசியை வெண்மையால் தேர்கின்றனர். சோறு மல்லிகை மொட்டுப்போல் வெண்ணிறமாக இருத்தல் வேண்டும் என்பதே விருந்திடுவார் பலரின் விருப்பம். சற்றே பழுப்பேறிய சோற்றை இலையில் இடுவதற்கு நாணுவாரும் உளர். இவ்வெண்மை வேட்கை எத்துணைப் பெருந்தீங்கை விளைத்தது என்பதை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. உணவின் நலத்தைக் கண்ணால் அளத்தல் பிழை; அஃது உடலில் விளைக்கும் பயனால் அளத்தலே முறை என்பது அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நெல்மணியின் புறத்தே இருப்பது உமி. அதனை நீக்கின், மெல்லிய தவிட்டுப் படலமும், ஒரு முனையில் முளைக்கருவும், நடுவே மாவுப் பகுதியும் காணப்படும். மாவுப் பகுதி உடலுக்கு வேண்டும் ஆற்றலைத் தருவது. நார்ச்சத்தும், உயிர்ச்சத்துகளும், தாதுப்பொருள்களும் பெரும்பாலும் தவிட்டிலும் கருவிலுமே தங்கியுள்ளன. உரலில் இட்டு உலக்கையாற் குத்தி, முறத்தாற் புடைத்து அரிசி எடுத்த காலத்தில், உமி நீங்கினும் தவிட்டில் ஒரு பகுதி அரிசியோடு ஒட்டியே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் ஆலைகள் கீழ்த்திசை நாடுகளிற் பரவின. அவை அரிசியைத் தீட்டித் தவிட்டை அறவே அகற்றின. அரிசி முத்துப்போல் ஒளிர்ந்தது. நெடுநாள் கெடாமலும் இருந்தது. விற்போர் மகிழ்ந்தனர், வாங்குவோரும் மகிழ்ந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சியைத் தொடர்ந்து பெரிபெரி என்னும் கொடுநோயும் பெருகியது. அந்நோயுற்றார்க்குக் கால்கள் மரத்து வலியிழக்கும். சிலர்க்கு உடல் வீங்கும். முடிவில் நெஞ்சம் தளர்ந்து உயிர் நீங்கும்.

இந்நோயின் காரணத்தை ஆராயச் சாவகத் தீவிற்கு 1886-ஆம் ஆண்டில் வந்தவர் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர். நுண்கிருமியே காரணமாகும் என்று எண்ணி அவர் ஆராயத் தொடங்கினார். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில திங்களில் தாமாகவே நலம் பெற்றன. இவ்வியப்பின் காரணத்தை வினவியபோது, படைவீரர் மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய வெள்ளரிசிச் சோறு அக்கோழிகட்கு இடப்பட்டு வந்தமையும், புதிதாக வந்த சமையற்காரர் அதனைக் கொடுக்க மறுத்தமையால் தீட்டாத அரிசி இடப்பட்டமையும் புலனாயின. உயர்ந்த உணவு நோயைத் தந்தது. தாழ்ந்ததென எண்ணப்பட்ட உணவு நோயைத் தீர்த்தது!

பின்னர் வோர்டர்மன் என்பார் அத்தீவின் சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தனர். தவிடு நீங்காத அரிசி உண்ட சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவும் இல்லை. நோயை விளைப்பது அரிசியில் உள்ள நஞ்சன்று, அதிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பொருளின் குறையே என்பதை 1901-இல் கிரைன்ஸ் என்பவர் எடுத்துரைத்தார். 1912-இல் ஃபங்க் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். தவிட்டிலிருந்த அப்பொருளே இன்று தயமின் என வழங்குவது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. மலேயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பலர் இந்நோயால் மடிந்தனர். அந்நாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழரோ பெரும்பாலும் நோயின்றி இருந்தனர். அவர்கள் உண்டது புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டை ஆராய, கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை 1905-இல் பிளெட்சர் என்னும் மருத்துவர் இரு பகுதியினராகப் பிரித்தார். ஒரு பகுதியினர்க்குத் தீட்டிய பச்சரிசியும், மற்றொரு பகுதியினர்க்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பட்டன. முன்னவருள் பலர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். பின்னவருள் அந்நோயால் இறந்தவர் எவரும் இலர். இடத்தால் வந்த நோயோ என்னும் ஐயம் நீங்க, இரு பகுதியினரையும் அவர் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் இடத்தைத் தொடரவில்லை, அரிசியையே தொடர்ந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் கருவிலும் உள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி உள்ளே மாவுப் பகுதியிற் சென்று சேர்கின்றது. ஆதலின், பின்னர்த் தீட்டினும் அஃது முற்றும் நீங்குவதில்லை. நெல்லைப் புழுக்கிய நம் முன்னோர் தயமின் என்னும் சொல்லைக் கேட்டறியார். எனினும், அவர்தம் வழக்கம் பல உயிர்களைக் காத்தது.

இது கொண்டு, முன்னோர் உண்டதெல்லாம் குறையற்றது என்று பெருமை பேசுதலும் பொருந்தாது. நீலகிரிக் குன்னூரில் 1918-இல் மெக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஐதராபாத்திற்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அவர் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய உணவுகளை எலிகட்குத் தந்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்தே இருந்தன. ஒரு பொருளையே வயிறு நிறைய உண்பது நல்லுணவு ஆகாது என்பதை அவ்வெலிகள் அன்றே அறிவித்தன.

பெரிபெரி இன்று பெரிதும் அகன்றது. ஆயினும், வெள்ளரிசியின் கதை முடியவில்லை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையர் எனக் கணக்கிட்டது. 21 நாடுகளில் 1,32,373 பேரிடம் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2020-இல் வெளிவந்தது. நாள்தோறும் 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளரிசிச் சோறு உண்பவர்க்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரினும் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 20 விழுக்காடு மிகுதி என்றும், தெற்காசியாவில் அது 61 விழுக்காடு என்றும் அவ்வாய்வு கண்டது. உடலுழைப்புக் குறைவு முதலிய பிற காரணங்களும் இந்நோய்க்கு உண்டு. எனினும், அரிசியின் பங்கினைப் புறக்கணித்தல் அறிவுடைமை ஆகாது.

அங்ஙனமாயின், வெள்ளரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ அதே அளவு உண்டால் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது என்பதே 2025-இல் வெளிவந்த மற்றோர் இந்திய ஆய்வின் விடை. மாச்சத்தின் மொத்த அளவு குறையாதவழிப் பொருளை மட்டும் மாற்றுதல் பெரும்பயன் தரவில்லை. அதில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அவ்விடத்தைப் பருப்பு, பயறு, பால் முதலியவற்றின் புரதத்தால் நிரப்பியவர்க்கே நோய் வாய்ப்புக் குறைந்தது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றும் இல்லை. உண்ணும் அளவும் செரிக்கும் முறையுமே அங்குப் பெரிதும் பேசப்படுகின்றன. அதன் பொருத்தம் இங்கு விளங்கும்.

நீக்கிய சத்தை மாத்திரையால் ஈடுசெய்யலாம் என்பார் வேறு சிலர். மருத்துவர் குறை கண்டு தரும் மாத்திரை நன்றே. ஆனால், அது முழு உணவுக்கு ஈடாகாது. காய்கனிகளில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்தை, பின்லாந்தில் புகைபிடிக்கும் பழக்கமுடைய ஆடவர்க்கு மாத்திரையாக அளித்துச் சில ஆண்டுகள் ஆராய்ந்தனர். நுரையீரற் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். அஃது 18 விழுக்காடு மிகுந்ததை 1994-இல் கண்டு திகைத்தனர். உணவோடு சேர்ந்து நன்மை செய்யும் பொருள், தனியே பிரித்து மிகுதியாக உண்டவிடத்து அவ்வாறே பயன் தரும் என்பது உறுதியன்று.

ஆகவே, சோற்றை வெறுத்தல் வேண்டா. அதன் வெண்மையில் மயங்குதலே வேண்டா. தவிட்டை முற்றும் இழக்காத அரிசியைத் தேர்தலும், இலையிற் சோற்றின் இடத்தைச் சிறிது சுருக்கிப் பருப்புக்கும் கீரைக்கும் காய்கறிக்கும் இடம் தருதலும் எளியோர்க்கும் இயலும் செயல்களே. தவிடு மிகுந்த அரிசி விரைவிற் கெடும், விலையும் மிகும் என்னும் இடர்ப்பாடு உண்மையே. அதனை நீக்குதல் ஆலைகளை நடத்துவோர்க்கும், அரிசி வழங்கும் அரசுக்கும் உரிய கடமையாகும். நல்லுணவு செல்வர்க்கு மட்டும் உரியதாகுமாயின், அறிவியல் வளர்ந்தும் பயனில்லை.

ஆலை தீட்டித் தள்ளிய தவிட்டை மாட்டுக்கு இட்டு, வெறும் வெண்மையை மக்கள் விலைகொடுத்து வாங்கினர். மாடு கொழுத்தது, மனிதர் மெலிந்தனர். சாவகத்துக் கோழிகள் கற்பித்த இப்பாடத்தை இன்னும் கற்காது இருத்தல் மக்கட்குப் பெருமை தருவதன்று.