மனத்தை விட்டவரல்ல

பாரிசவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் பிஸ்கற் பெட்டியோடு ஒரு தீர்ப்பையும் கொண்டு போகிறார்கள்: "ஆள் மனத்தை விட்டிட்டார். திடமாயிருந்தால் எழும்பியிருப்பார்." படுத்திருப்பவருக்குப் பதில் சொல்ல வாய் வராது. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கேட்கும் இந்தப் பேச்சு பிழையானது.

யோசனையால்தான் வந்தது என்கிறார்கள். போரையும் இழப்பையும் கண்ட மண்ணில் இதை முற்றாகத் தள்ள மாட்டேன். 32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்ரர்ஸ்ரோக் ஆய்வு சொன்ன பத்துக் காரணிகளில் மன அழுத்தமும் ஒன்று. முதலிடம் உயர் குருதி அமுக்கத்துக்கு. பாதியில் நிறுத்திய பிறசர் குளிசையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, மனம் தளர்ந்ததால் கைகால் வரவில்லை என்பது. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் நின்றதும் மூளையிலுள்ள பரிவகக்கீழிலிருந்து கபச்சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனற் சுரப்பிக்கும் கட்டளை போய், கோட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் ஏறுகிறது. பாதிப்புப் பெரிதென்றால் ஏற்றமும் பெரிது, நாட்கணக்கில் நிற்கும். சீனி வருத்தம் இல்லாதவருக்கும் அப்போது சீனி கூடலாம். இதில் எதையும் அவர் நினைத்துச் செய்யவில்லை. அழுகைகூடச் சிலருக்குத் துக்கமே இல்லாமல், மூளையின் கட்டுப்பாடு அறுந்ததால் வருகிறது.

மனம்தான் தடை என்றால், சோர்வைக் குறைத்ததும் நடை திரும்ப வேண்டும். பிரித்தானியாவில் பாரிசவாதம் வந்த 3,127 பேரைக் கொண்டு, ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் ஃபுளுவொக்செற்றின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் லான்செற் இதழில் வந்த முடிவு: மருந்து எடுத்தவர்களில் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் குறைவு, அன்றாட இயக்கத்தில் முன்னேற்றம் இல்லை. சோர்வுக்கு வைத்தியம் கட்டாயம் வேண்டும், அது தனி நோய் என்பதால். எழும்பாத காலுக்கு அதைக் குற்றம் சாட்ட முடியாது.

பிறகு காய்ச்சல் வரும். பழி மனைவிக்கோ மகளுக்கோ மாறும்: "குளிர விட்டிட்டியள்." நடப்பது வேறு. இறந்த கலங்களைச் சுற்றி மூளைக்குள் அழற்சி மூள்கிறது, அது கழிவை அகற்றும், அயலிலுள்ள நல்ல கலங்களையும் சுடும். அதே நேரம், ஏறிய கோட்டிசோலும் பரிவு நரம்புகளும் உடலின் மற்றப் பகுதிகளில் நோயெதிர்ப்பைத் தாழ்த்துகின்றன, நிணநீர்க்கலங்கள் குறைகின்றன. விழுங்கத் தடுமாறுகிறவரின் எச்சிலும் சாப்பாடும் சுவாசப்பைக்குள் இறங்கினால் கிருமியை எதிர்க்க ஆளில்லை, நியுமோனியா வருகிறது. துடைத்துவிட்ட ஈரத்துணியில் இல்லை காரணம். பார்க்க வந்தவர் அன்பாகப் பருக்கும் ஒரு கரண்டி சோடாவில் இருக்கலாம். விழுங்குகிறாரா என்று வைத்தியரோ தாதியோ சோதிக்கும்வரை வாயில் ஒன்றும் வைக்காதீர்கள்.