குப்பைமேட்டில் கிடந்த கற்கள்

போர் என்று வந்தால் கட்டடம் இடியத்தான் செய்யும், அதற்கு யாரை நோவது என்று கேட்போர் உண்டு. அவர்கள் போஸ்னியா நாட்டின் பான்யா லூக்கா நகரத்துக் கதையைக் கொஞ்சம் கேட்கட்டும்!

அந்நகரின் பெர்ஹாதியா பள்ளிவாசல், உதுமானியத் துருக்கியர் ஆட்சியில், 1579-ல், பெர்ஹாத் பாஷா சொகோலோவிச் என்ற ஆளுநர் எழுப்பியது. போரில் பிடித்த பிரபு வீட்டுப் பிள்ளையை விடுவிக்க வாங்கிய மீட்புத்தொகையில் கட்டியது என்று சொல்வார்கள். பாஷாக்களின் பெட்டி அப்படித்தான் நிரம்பும். ஆனால் கல்லை அடுக்கிய கை பாஷாவின் கையா?

பெரிய கட்டடமல்ல. அகலம் 18 மீட்டர், நீளம் 14 மீட்டர், நடுக் குவிமாடத்தின் உயரமும் ஏறத்தாழ 18 மீட்டர்தான். முன்புறம் மூன்று சிறு குவிமாடங்களோடு ஒரு தாழ்வாரம். பக்கத்தில் 43 மீட்டர் உயரத்துக்கு ஒற்றை மினாரா. நாலு சுவர்மேல் வட்டக் குவிமாடத்தை உட்கார வைப்பது விளையாட்டா? பாரம் முழுவதையும் சுவர் பிளக்காமல் தரைக்கு இறக்க வேண்டும். கொத்துவேலை தெரிந்த தோழர்களுக்கு நாம் இதைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வூரில் ஒரு கதை உண்டு. இதுபோல் இன்னொன்றை யாரும் கட்டிவிடக் கூடாதென்று, வேலை முடிந்ததும் கொத்தர்களை மினாராவுக்குள்ளேயே அடைத்தாராம் பாஷா. அவர்களோ இறக்கை செய்து பறந்துவிட்டார்களாம்! கட்டுக்கதைதான். ஆனால் ஆண்டைகளை நன்றாய் அறிந்தவர்கள் கட்டிய கதை.

இரண்டு உலகப் போர்களையும், 1969 நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது அந்தப் பள்ளிவாசல். 1993 மே 7 இரவு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்நகரில் அன்று சண்டை இல்லை. செர்பிய தேசியவாதிகளின் ஆட்சி இருந்தது! போர் முடிவதற்குள் நகரின் 16 பள்ளிவாசல்களும் போயின. வெடி வைத்தவன் இருட்டில் ஓடிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இடிபாட்டை அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டியதும் இருட்டு வேலையா? செர்பிய மக்கள் அனைவர் தலையிலும் பழியை ஏற்றுவது நம் வேலையல்ல. ஆட்சியில் இருந்தவர்களைத்தான் கேட்கிறோம்.

திரும்பக் கட்ட விட வேண்டும் என்று 1999-ல் மனித உரிமை மன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. 2001 மே 7-ல் அடிக்கல் நாட்டப் போனவர்களைக் கும்பல் கல்லால் அடித்தது. ஓர் உயிரும் போயிற்று. அடுத்த மாதம் போலீஸ் காவலோடுதான் அடிக்கல் விழுந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் வேலை! குப்பைமேட்டைக் கிளறிப் பழைய கற்களைப் பொறுக்கினார்கள். பழைய படங்களோடு ஒப்பிட்டு எந்தக் கல் எந்த இடத்தது என்று கண்டார்கள். கிடைக்காத கல்லுக்குப் புதுக் கல் செதுக்கினார்கள். ‘வெறும் நகல்தானே!’ என்று உதடு பிதுக்குவோருக்கு, அந்தச் சுவரில் பழைய கல்லும் புதிய கல்லும் சேர்ந்தே பாரம் தாங்குவது தெரியாது போலும்.

2016-ல், அதே மே 7-ல், கதவு திறந்தது.