கோடை முகாமும் வீதிப் புறப்பாடும்

மே மாதம் பிறந்தால் சென்னையில் கர்நாடக இசைக் கோடை வகுப்புகள் பெருகிவிடுகின்றன. சில நாள்களில் சில கீர்த்தனைகள். நிறைவு நாளில் மேடை, பெற்றோரின் கைத்தட்டல். பாடாந்தரம் கூடும், மறுக்கவில்லை. மனோதர்மம் அவ்வாறு வருமா? அதற்குக் கேள்வி ஞானம் வேண்டும்.

கோடைதான் கோயில் திருவிழாக்களின் பருவமும். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலித்தபின் வீதிகளில் நின்று நின்று இராகம் விரியும். முன்பு இளம் நாதசுர மாணாக்கர் ஒத்து ஊதியும் தாளம் போட்டும் அதைச் செவிவழி கற்றனர். இன்று பல ஊர்களில் ஒத்தின் இடத்தில் சுருதிப்பெட்டி.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் பயிலும் பிள்ளைகளை விடுமுறையில் அவ்விடத்துக்கு அனுப்பலாமே! பயணப்படியையும் சாப்பாட்டையும் அறநிலையத்துறை ஏற்கட்டும். வாய்ப்பாட்டு மாணவர்களும் உடன் நடக்கலாம். கால் வலிக்கும், அவ்வளவுதான்.