மூக்கை நம்பாதீங்க... கேபிளைக் கவனிங்க!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் மரவள்ளிக்கிழங்கு ஜவ்வரிசி ஆவது ஊரறிந்த கதை. கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் கழிவுநீரிலிருந்து நாமக்கல், சேலம் பக்கத்து சேகோ ஆலைகள் பலவும் பயோகேஸ் எடுக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. மூடிய தொட்டியில் அந்த நீர் புளிக்கும்போது மீத்தேன் வருகிறது. கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடும்!

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு இது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம்கூட இல்லாதபோதே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால், சுமார் 100 பிபிஎம் எட்டினால் மோப்பம் மரத்துப்போய், நாற்றமே தெரியாது. ‘வாடை போயிடுச்சு’ என்று நம்பி இறங்குவதுதான் ஆபத்து. அதனால்தான் தொட்டியருகே கேஸ் மானிட்டர், ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர். இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு சீரியல் கம்யூனிகேஷன் என்று பெயர்.

மலைப்பாதையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதுபோல, 0, 1 என்ற பிட்கள் வரிசையாகப் போவதுதான் சீரியல். போகும் வேகம் பாட் ரேட். பிரெஞ்சு தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த சொல். மானிட்டர்களில் அடிக்கடி பார்ப்பது 9600. அதோடு ‘8என்1’ என்றும் எழுதியிருக்கும்: டேட்டா பிட் 8, பாரிட்டி கிடையாது, ஸ்டாப் பிட் 1. பாரிட்டி என்பது, வழியில் ஒரு பிட் புரண்டுவிட்டதா என்று பார்க்கும் காவலாளி. இரண்டு பிட் சேர்ந்து புரண்டால் அவரும் ஏமாந்துவிடுவார்!

கேபிளிலும் வகை உண்டு. ஆர்எஸ்-232 சுமார் 15 மீட்டர் வரை, ஒரு கருவிக்கு மட்டும். தொட்டி தூரத்தில் இருந்தால் ஆர்எஸ்-485. சுமார் 1,200 மீட்டர் வரை தாங்கும், ஒரே கேபிளில் பல கருவிகளைக் கோக்கலாம். அப்போது ‘யார் பேசுவது?’ என்ற குழப்பம் வராமலிருக்க ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண். 1979-ல் வந்த மோட்பஸ் என்ற முறையில், கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் கருவி வாய் திறக்கும்.

பாட் ரேட் இரண்டு பக்கமும் வேறாக இருந்தால் திரையில் கன்னாபின்னா எழுத்து வரும், அல்லது எர்ரர் காட்டும். தப்பு என்று உடனே தெரிந்துவிடும் என்பதால் அதில் பெரிய பயமில்லை. எலி கேபிளைக் கடித்துவிட்டால்? சில சாஃப்ட்வேர் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். சில, 0 என்று காட்டும். பார்ப்பவருக்கு இரண்டுமே ‘காற்று சுத்தம்’தான்!

பழைய 4-20 மில்லிஆம்ப் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. வாயு இல்லையென்றால் 4, வயர் அறுந்தால் 0. பழைய ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான். சீரியலில் அந்த வேலையைச் செய்வது டைம்-அவுட்: குறிப்பிட்ட நொடிகளுக்குள் கருவி பதில் சொல்லாவிட்டால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற கட்டளை. பலர் தேடிக்கூடப் பார்க்காத செட்டிங் இது.

சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, தொட்டிப் பக்கம் யாரும் வேலை செய்யாத நேரத்தில் டெக்னீஷியனை அந்த கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். திரையில் எண் அப்படியே நின்று, அலாரமும் அடிக்கவில்லையா? அதைச் சரிசெய்யும்வரை யாரையும் அந்தத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள்.