எண்ணெய் காயும், கொதிப்பது எது?

வாணலியில் எண்ணெய் காய்ந்திருக்கிறது. மெல்லியதாகச் சீவிய உருளைக்கிழங்கு வில்லைகள் நான்கைந்தை அதில் நழுவ விடுகிறோம். 'சொய்' என்ற ஓசையோடு குமிழிகள் பொங்கி எழுகின்றன. மாணவ நண்பர்களே, அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது என்ன?

கல்லூரியில் இயற்பியல் படிக்க வரும் முதலாண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வியை நான் கேட்பதுண்டு. "எண்ணெய் கொதிக்கிறது சார், எண்ணெய் ஆவிதான்" என்பார்கள் பலர். "காற்று" என்பார்கள் சிலர். இதே மாணவர்களிடம் 'ஆவியாதலின் உள்ளுறை வெப்பம்' என்றால் என்ன என்று கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் அந்த உள்ளுறை வெப்பம் கண்ணெதிரே குமிழி குமிழியாக வெளிவரும்போது, அதை அவர்களால் அடையாளம் காண முடிவதில்லை.

இதற்கு மாணவர்களைக் குறை கூறிப் பயனில்லை. சமையலறை வேறு, அறிவியல் வேறு என்று நாம்தான் நடுவில் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரை இடிக்க வேண்டும், பள்ளி அறிவியல் பாடத்தில் அடுப்படிச் சோதனைகளுக்கு இடமும் மதிப்பெண்ணும் தர வேண்டும் என்பதே என் கருத்து. தொடங்குவதற்குக் கால் கிலோ உருளைக்கிழங்கு போதும்.

அடுப்படிச் சொல்லே சரியான சொல்

வீட்டில் பேசுவதைக் கவனித்துக் கேளுங்கள். "தண்ணீர் கொதித்துவிட்டதா?" என்று பாட்டி கேட்பார். எண்ணெயைப் பற்றிக் கேட்கும்போது, "எண்ணெய் காய்ந்துவிட்டதா?" என்பார். கதைகளிலும் செய்தித்தாள்களிலும் 'கொதிக்கும் எண்ணெய்' வரலாம். அடுப்படியில் எண்ணெய் காயத்தான் செய்யும்.

இயற்பியலும் இதையே சொல்கிறது. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய் சுமார் 170 முதல் 180 டிகிரி வரை சூடேறியிருக்கும்; அப்போதும் அது கொதிப்பதில்லை. இன்னும் சூடேற்றினால், கொதிப்பதற்கு முன்பே சிதைந்து புகையத் தொடங்கிவிடும். அப்படியானால் குமிழியில் இருப்பது எது? கிழங்கிலிருந்த தண்ணீர்தான். உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். சூடான எண்ணெய் அதைக் கொதிக்க வைத்து நீராவியாக வெளியேற்றுகிறது. எண்ணெய்ச் சட்டியில் கொதிப்பது தண்ணீரே!

பள்ளிக்கூடமே போகாத பாட்டி, 'காய்தல்', 'கொதித்தல்' என்ற இரு சொற்களையும் இடம் அறிந்து பயன்படுத்துகிறார். பட்டப் படிப்புக்கு வந்தவர் குழம்புகிறார். அறிவியல் எங்கே இருக்கிறது என்று இப்போது சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தோல் சீவிய கிழங்கு 250 கிராம் எடுத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் சுமார் 200 கிராம். 30 டிகிரியில் இருக்கும் அந்தத் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம் 200 × 4.2 × 70, அதாவது சுமார் 59,000 ஜூல். அங்கிருந்து அதை நீராவியாக்க, கிராம் ஒன்றுக்கு 2,260 ஜூல் வீதம் 4,52,000 ஜூல் வேண்டும். சூடாக்குவதற்கு ஆன செலவைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு! இந்த 4,52,000 ஜூல் வெப்பம், ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது.

ஒரே சமயத்தில் கை நிறைய வில்லைகளை அள்ளிப் போட்டால் ஏன் சிப்ஸ் தொய்ந்து போகிறது என்பதும் இப்போது விளங்கும். அத்தனை வில்லைகளும் சேர்ந்து எண்ணெயின் வெப்பத்தை உறிஞ்ச, எண்ணெயின் வெப்பநிலை சட்டென்று இறங்கிவிடுகிறது. "கொஞ்சம் கொஞ்சமாகப் போடு" என்று வீட்டில் சொல்வது அனுபவத்தில் கண்ட வெப்பவியல்.

இன்னொரு கணக்கு. ஒரு கிராம் தண்ணீர் நீராவியானால், அது ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். வில்லையின் மேல் ஒட்டியிருக்கும் ஈரம் எண்ணெயை விட அடர்த்தி மிகுந்தது. ஆகவே அது எண்ணெய்க்குள் அமிழ்கிறது. அங்கே நொடிப்பொழுதில் ஆவியாகி விரியும்போது எண்ணெயை வெளியே தெறிக்கச் செய்கிறது. வில்லைகளைத் துணியில் ஒற்றி ஈரத்தைப் போக்கச் சொல்வது இதற்காகத்தான். தீப்பிடித்த எண்ணெயில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிக் காற்றைத் தடுப்பதே முறை.

எண்ணெய் குடிப்பது எப்போது?

"பலகாரம் எண்ணெய் குடித்துவிட்டது" என்கிறோம். எப்போது குடிக்கிறது? சட்டியில் மிதக்கும்போது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கொதிப்பு நடந்துகொண்டிருக்கும்போது நீராவி உள்ளிருந்து வெளியே முட்டித் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து எண்ணெய் அதிகமாக உள்ளே புக முடியாது. சிப்ஸை வெளியே எடுத்ததும் நிலைமை மாறுகிறது. உள்ளே நுண்துளைகளில் மிஞ்சிய நீராவி குளிர்ந்து சுருங்குகிறது, அழுத்தம் குறைகிறது, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. சிப்ஸில் சேரும் எண்ணெயில் பெரும் பகுதி, சட்டியை விட்டு வெளியே வந்த பிறகுதான் உள்ளே போகிறது.

ஆகவே ஜல்லிக் கரண்டியால் அள்ளியதும், சூடு ஆறுவதற்குள் நன்றாக உதறி எண்ணெயை வடித்துவிட வேண்டும். ஆறிய பின் தாளில் ஒற்றினால் பயன் குறைவு. எடுக்க வேண்டிய நேரத்தையும் குமிழிகளே சொல்லிவிடும். குமிழி அடங்குகிறது என்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் இருக்கும் வரை அதன் கொதிப்பு கிழங்கின் உட்பகுதியை 100 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கும். அது தீர்ந்ததும் சிப்ஸின் வெப்பநிலை எண்ணெயின் வெப்பநிலையை நோக்கி ஏறும்; சிறிது தாமதித்தாலும் கருகும்.

பொன்னிறமே போதும்

கிழங்கு சிவப்பதற்குக் காரணம், அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதே. பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மையார் 1912-இல் விளக்கிய இவ்வினை அவர் பெயராலேயே வழங்குகிறது. மணமும் சுவையும் இதனால் வருகின்றன. ஆனால் அளவு மீறக் கூடாது. உருளைக்கிழங்கு போன்றவற்றை மிகு சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002-இல் அறிவித்தார்கள். இது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடும் என்று ஐயப்படும் பொருள். சிப்ஸ் கருக்கக் கருக்க இதுவும் கூடும். பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள்.

குளிர்ப்பெட்டியில் வைத்த கிழங்கு சீக்கிரம் கறுப்பதைப் பார்த்திருக்கலாம். குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதே காரணம். சர்க்கரை குறைந்த கிழங்குகளே சிப்ஸுக்கு ஏற்றவை என்பதால், சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 'குஃப்ரி சிப்சோனா' என்ற இரகங்களை உருவாக்கி 1998-இல் வெளியிட்டது. நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது, சீவிய வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுவது. வெட்டுப்பட்ட பரப்பிலுள்ள சர்க்கரையும் மாவும் கழுவப்பட்டுவிடும். அந்தத் தண்ணீரை அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவு தங்கும். அதில் ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள், கருநீலமாக மாறும். பாடப் புத்தகத்திலுள்ள அதே ஸ்டார்ச்சு சோதனைதான்!

உப்பும் காரமும்

சுவையூட்டுவதில்தான் எத்தனை வேதியியல்! அயர்லாந்தின் டேட்டோ நிறுவனம் 1954-இல் தொடங்கப்பட்டு, பாலாடைக்கட்டி வெங்காயச் சுவையில் சிப்ஸ் செய்து புகழ் பெற்றது. இன்று கடைகளில் எத்தனையோ சுவைகள். வீட்டில் அவற்றைப் படைக்க ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: தண்ணீர் சேரக் கூடாது. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் புளிப்பு வரும். கூடவே சிப்ஸ் நமுத்தும் போகும். புளிப்பு வேண்டுமென்றால் உலர்ந்த மாங்காய்த் தூள் தூவலாம். கறிவேப்பிலையை மொறுமொறுப்பாகப் பொரித்து, உப்பும் மிளகும் சேர்த்துப் பொடித்தால் நம் ஊர்ச் சுவை ஒன்று கிடைக்கும்.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் மிளகாய்த்தூளைச் சிப்ஸ் சூடாக இருக்கும்போதே தூவினால், மேலிருக்கும் எண்ணெய்ப் படலத்தில் காரம் இறங்கிப் பரவும். உப்பு எண்ணெயில் கரையாது. ஒட்டிக்கொண்டு மட்டும் இருக்கும். நம் உமிழ்நீரில் கரைந்த பிறகே அது கரிக்கும். எனவே உப்பை நைசாகப் பொடிப்பது நல்லது. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள உப்புக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஆயிரம் துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர மில்லிமீட்டர். பத்து மடங்கு பரப்பு என்றால் விரைவில் கரையும். குறைந்த உப்பிலேயே நாவுக்குச் சுவை தெரியும். பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், இந்தக் கணக்கு வாய்க்கு மட்டுமின்றி உடலுக்கும் உதவும்.

சிலர் மறுக்கலாம்

"காய்ந்த எண்ணெய் அருகே பிள்ளைகளை விடுவதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணெய் அருகில் நிற்பது பெரியவர்களின் வேலை. கழுவுவது, எடை போடுவது, நேரம் குறிப்பது, கணக்கிடுவது, சுவை கலப்பது எல்லாம் உங்கள் வேலை. பள்ளி ஆய்வகத்திலுள்ள வெப்பமானியை மட்டும் எடுத்துவந்து எண்ணெயில் விட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் 110 டிகிரி வரைதான் அளவு உண்டு, உடைந்துவிடும்.

"எண்ணெய்ப் பண்டத்தைப் பாடமாக்குவதா?" என்று ஆசிரியர் சிலர் கேட்கலாம். கால் கிலோ கிழங்கிலிருந்து ஏறத்தாழ 80 கிராம் சிப்ஸ் கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயாகவே இருக்கக்கூடும். இதைத் தானே எடை போட்டுக் கண்டறிந்த மாணவர், ஒரு பிடியோடு நிறுத்திக்கொள்வார் என்று நம்புகிறேன். "தின்னாதே" என்ற அதட்டலுக்கு இல்லாத வலிமை, தன் கையால் எழுதிய எண்ணுக்கு உண்டு.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுதான் பெரியது. அடுப்படி பெண்களுக்கு, ஆய்வகம் ஆண்களுக்கு என்ற பழைய பாகுபாடு இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இதனால் இரு சாராருக்கும் நட்டம். அண்ணன் வெப்பவியலைப் பாடமாகப் படிக்கிறான், கண்ணால் காண்பதில்லை. தங்கை நாள்தோறும் காண்கிறாள். அது இயற்பியல் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. சமையலறைக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் உண்டு என்று ஒரு பள்ளி அறிவித்துப் பார்க்கட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே தராசின் முன் வந்து நிற்பார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். ஊறவைத்த வில்லைகளையும் ஊறவைக்காதவற்றையும் தனித்தனியே பொரிக்கச் சொல்லுங்கள். ஒரு பங்கை எடுத்தவுடன் உதறுங்கள். மற்றொன்றை ஐந்து நிமிடம் கழித்து உதறுங்கள். பச்சைக் கிழங்கின் எடை, சிப்ஸின் எடை, குமிழி அடங்க ஆன நேரம், நிறம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுங்கள். பின்னர் அந்தத் தாளை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டி, குமிழிக்குள் என்ன இருந்தது என்று நீங்களே விளக்குங்கள்.