கோடைக்கு என்ன நாவல்?

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், "மத்தியானப் பொழுது போகமாட்டேங்குது, விறுவிறுப்பா நாலு நாவல் பேர் சொல்லுங்களேன்" என்று கேட்காத சிநேகிதி கிடையாது. நானும் வருஷா வருஷம் எல்லோருக்கும் ஒரே பட்டியலை ஒப்பித்துக் கொண்டிருந்தேன். அதில் உள்ள தப்பு போன கோடையில்தான் எனக்கு உறைத்தது. உறைக்க வைத்தவள் என் அக்கா.

அத்தான் தவறி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று மே மாதம் முழுக்க அவளை என்னோடு வைத்துக் கொண்டேன். சின்ன வயதில் வாரப் பத்திரிகை வாசலில் விழுந்ததும் ஓடிப்போய் எடுத்து, தொடர்கதையைத் தான் படித்து முடிக்கும்வரை எங்கள் யார் கையிலும் கொடுக்காதவள் அவள். இப்போதோ புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ராத்திரி தூக்கமும் கிடையாது.

நல்ல புத்தகமாகக் கொடுத்தால் மனசு மாறும் என்று ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைக் கொடுத்தேன். 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கிய நாவலாயிற்றே! நாற்பது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ரொம்ப நல்லாத்தான் எழுதியிருக்கார். இப்ப எனக்கு வேணாம்டி" என்றாள்.

சரி, சிரிப்புக் கதை கொடுப்போம் என்று பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி - சீதாப்பாட்டியை எடுத்து நீட்டினேன். ஜ.ரா.சுந்தரேசன்தான் அம்மா பேரையும் அப்பா பேரையும் சேர்த்துப் பாக்கியம் ராமசாமி ஆனவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் விழுந்து விழுந்து சிரித்த கதைகள். அக்கா மூன்று பக்கம் புரட்டினாள், மூடினாள், எழுந்து போய்விட்டாள். அப்புறம்தான் நெற்றியில் அடித்துக் கொண்டேன். கிழவரும் கிழவியுமாகத் தினமும் சண்டை போட்டுக்கொண்டு வாழ்கிற கதையை, சண்டை போட ஆள் இல்லாமல் வந்திருப்பவளிடம் கொடுத்தேனே! புத்தகத்தின் பேரில் குற்றமே இல்லை. அவளை மறந்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்தது நான்தான்.

அதற்கப்புறம் கொஞ்சம் யோசித்துத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'வைப் பேசாமல் அவள் தலைமாட்டில் வைத்தேன். கணக்காக நாவல் என்று சொல்ல முடியாது. ஒரே ஆளை வைத்துத் தொடர்ந்து வருகிற கதைகள். அசடு என்று பேர் வாங்கிய பாங்கி குமாஸ்தா, குருட்டு அதிர்ஷ்டத்தில் திருடனைப் பிடித்துப் பெரிய துப்பறிகிறவர் ஆகிவிடுகிறார். கதைகள் சின்னச் சின்னவை. எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. மனசு ஓடாதவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். இரண்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் விளக்கு எரிந்தது. அழுகிறாளோ என்று பயந்து போய் எட்டிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சத்தம் வராமல் சிரித்துக் கொண்டிருந்தாள்.

அங்கிருந்து சுஜாதாவுக்குத் தாவினோம். 'கரையெல்லாம் செண்பகப்பூ', நாட்டுப்பாடல் தேடிக் கிராமத்து ஜமீன் வீட்டுக்கு வந்து தங்குகிற பட்டணத்துப் பையனின் கதை. 1981-ல் சினிமாவாகவும் வந்தது. மூன்று மணிக்குக் காபி போட்டுவிட்டுக் கூப்பிட்டால் "வரேன், வரேன்" என்று குரல் மட்டும் வரும். "யார்னு சொல்லிடாதே, நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். கணேஷும் வசந்த்தும் வருகிற 'கொலையுதிர் கால'த்தை மட்டும் நான் ஒளித்து வைத்தேன். பேயா, விஞ்ஞானமா என்று குலை நடுங்க வைக்கிற அந்தக் கதையை ராத்திரி தனியாக விழித்திருப்பவர்களிடம் கொடுப்பதில்லை. வீடு நிறைய ஜனம் இருக்கும்போது படியுங்கள், நன்றாயிருக்கும்.

இந்த நாவல்களில் பல, வாரா வாரம் பத்திரிகையில் வந்தவை. அடுத்த வாரம் வாசகி திரும்பி வரவேண்டும் என்பதால் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துவார்கள். விறுவிறுப்பின் ரகசியம் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே மொத்தமாக விழுங்காமல், வேளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக் கொண்டால் ருசி கூடும். (இப்படி அக்காவிடம் சொன்னேன். "நீ உன் வேலையைப் பாரு" என்றாள்.)

வாங்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் எறும்பு வரிசை மாதிரி அச்சடித்திருப்பார்கள். மத்தியான வெளிச்சத்திலேயே கண் வலிக்கும். ஐந்து பாகத்தையும் ஒன்றாகக் கட்டின தலையணைப் புத்தகமும் வேண்டாம். படுத்துக்கொண்டு படிக்கையில் மணிக்கட்டு விட்டுப்போகும், கைதவறினால் மூக்கு போகும். கடையிலோ கிளை நூலகத்திலோ நின்றபடியே முதல் பத்துப் பக்கம் படியுங்கள். பதினோராவது பக்கத்தைக் கை தானாகத் திருப்பினால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டால், எத்தனை பெரிய பேரானாலும் இந்தக் கோடைக்கு அது வேண்டாம். ஐப்பசி மழையில் பார்த்துக் கொள்ளலாம்.

மாதக் கடைசியில் அக்கா ஊருக்குக் கிளம்பும்போது, ஆகிவந்த 'பொன்னியின் செல்வ'னில் முதல் பாகத்தை மட்டும் பையில் போட்டு அனுப்பினேன். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்தது. அம்மா சேர்த்து வைத்திருந்ததை அக்கா பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை படித்தவள்தான். "எல்லாம் மறந்துபோச்சு, வந்தியத்தேவன் குதிரையில வருவான், அதுதான் ஞாபகம்" என்றாள். மறந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! நாலாம் நாள் காலையில் போன். விசாரிப்பு எதுவும் இல்லை.

"கடம்பூர் மாளிகையில நடுராத்திரி கூடிப் பேசறாங்கடி. இங்க ராத்திரி ஒரு மணி. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

"அக்கா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இரண்டாம் பாகத்தை எப்ப அனுப்பப் போற?"

அன்றைக்கே கூரியரில் போட்டுவிட்டேன். மூன்றாம் பாகம் எதிர் வீட்டு மாமியிடம் இருக்கிறது. அவர் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. எப்படித் திருப்பிக் கேட்பது என்றுதான் புரியாமல் முழித்துக் கொண்டிருந்தேன்.