குருவிக்காக வெட்டும் காடு



காட்டை வெட்டினால் குருவிக்குக் கேடு என்றே நாம் படித்து வந்தோம். ஆனால் நாம் குடியேறிய ஒன்ராறியோவுக்கு அயலிலுள்ள மிச்சிகன் மாநிலத்தில் குருவிக்காகவே காட்டை வெட்டுகிறார்கள்.

கேர்ட்லண்ட் வாப்ளர் என்னும் மஞ்சள் மார்புப் பாடும் குருவி, இளம் ஜாக் பைன் மரங்களின் அடிக்கிளைகள் மறைக்கும் நிலத்திலே கூடு கட்டும். மரத்துக்கு 20 வயதானால் அடிக்கிளைகள் பட்டுப்போகும், குருவியும் அகன்றுவிடும். முன்னர் காட்டுத்தீ முதிர்ந்த மரங்களை எரித்து, அவற்றின் காய்களைத் திறந்து, புதிய கன்றுகளை முளைக்க வைத்தது. மனிதர் தீயை அணைக்கத் தொடங்கியதும் இளங்காடு அருகியது. 1987இல் எண்ணப்பட்ட பாடும் ஆண்குருவிகள் 167 மட்டுமே.

மத்திய, மாநிலத் திணைக்களங்களும் தொண்டர்களும் கைகோத்தனர். முதிர்ந்த மரங்களை வெட்டி விற்று, அவ்விடத்தில் கன்றுகளை நட்டனர். இக்குருவியின் கூட்டில் முட்டையிடும் கௌபேர்ட் பறவைகளையும் பிடித்து அகற்றினர். 2019இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து இது நீக்கப்பட்டது.

பட்டியலிலிருந்து நீங்கினாலும் வேலை முடியவில்லை. நடுகையை நிறுத்தினால் இளங்காடு மீண்டும் முதிர்ந்துவிடும். மாரிக்கு இக்குருவி போய்த் தங்கும் பகாமாசிலும் பற்றைக்காடு வேண்டும். ஒரு நாடு மட்டும் காத்தால் போதாது என்பதை நாம் மனதிற் கொள்வோம்.